முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டாதீர்கள்

போன மாதம் ஒரு டீசல் காரை டோ செய்து கொண்டுவந்தார்கள். "டெம்பரேச்சர் முள் மேலே போச்சுண்ணா. அப்புறம் அதுவாவே இறங்கிடுச்சு. சரி, ஆறிடுச்சுன்னு ஓட்டிட்டு வந்தேன், நடுவழியில நின்னுடுச்சு" என்றார் கார்க்காரத் தம்பி.

ஆறவில்லை. கூலன்டில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில், மூழ்கியிருந்தால்தான் சென்சார் சூட்டைச் சரியாகக் காட்டும். கூலன்ட் வடிந்துபோனால் முள் இறங்கக்கூடும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். அந்தத் தம்பியின் காரில் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டும் போய்விட்டது.

கசிந்தது, கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். எட்டு மாதத்துக்கு முன் வேறோர் இடத்தில், விலை குறைவு என்று பெயர் தெரியாத பம்பைப் போட்டிருக்கிறார்கள். பம்பின் தண்டைச் சுற்றி, கூலன்ட் கசியாமல் தடுக்கும் சீல் இருக்கும். அதன் கீழே தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அதன் வழியே சொட்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையிலிருந்து கீழே வரை இளஞ்சிவப்பாக, உப்புப் பூத்தது போல் காய்ந்த தடம். ஒரே நாளில் வந்த தடமல்ல அது. கூலன்ட் டப்பா குறையக் குறைய தம்பி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வெளி பார்ட்ஸ் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். கார் கம்பெனிக்கே சப்ளை செய்பவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பதை நானே தைரியமாக மாட்டுகிறேன். தயாரித்தவர் முகவரியே இல்லாத பெட்டிதான் ஆபத்து. இந்த இன்ஜினில் பம்பைச் சுழற்றுவது, இன்ஜினின் வால்வுகளையும் இயக்கும் டைமிங் பெல்ட். பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்பைத் தொடவே முடியும். பம்பில் மிச்சம் பிடித்த காசு, மறுபடி கழற்றி மாட்டும் கூலிக்குக்கூடக் காணாது.

முள் ஏறினால் உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியே வெளியேறும். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். இன்ஜின் நன்றாக ஆறட்டும், அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் தரையைப் பாருங்கள். ஏசி தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், பிசுபிசுக்காது. கூலன்ட் பச்சை, சிவப்பு என்று நிறத்தோடு, தொட்டால் வழுவழுப்பாக, லேசாக இனிப்பு வாசனையோடு இருக்கும். வாயில் வைத்துவிடாதீர்கள், அது விஷம். தெருநாய் நக்கிவிடாமல் உடனே கழுவிவிடுங்கள்.