இலவச முகாம் இடம் தேடிக் காட்டுக்குள் போகும் முன்

ஜூலை மாதம், சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால். கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குள் ஓர் அப்பா தன் நான்கு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பையனின் வலது காலைப் பாட்டியின் நூல் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். துணியைப் பிரித்தால் உள்ளங்கால் முழுக்கப் பற்பசை. கழுவிவிட்டுப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே கொப்புளம், குதிகாலில் தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வெள்ளையைத் தொட்டால் வலிக்கவில்லை என்றான். வலிக்காத தீக்காயம்தான் எங்களை அதிகம் பயமுறுத்தும்.

"நீங்க தமிழாம்மா?" என்று பாட்டி கேட்டார். ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

காயம் பட்டது மாலை ஆறரைக்கு. என் கைக்கு வந்தது ஐந்து மணி நேரம் கழித்து. நடந்தது இதுதான். ஃப்ரீமான்டிலிருந்து மினிவேனில் கிளம்பி, ஓர் ஆப்பில் பார்த்த இலவச முகாம் இடத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைசி ஒன்பது மைல் மண் சாலை. அங்கே யாரோ முதல் நாள் மூட்டிய தீயை மண் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பார்த்தால் வெறும் மணல் வட்டம். பையன் வெறுங்காலோடு அதில் ஏறி நின்றான். உடனே கிளம்பியவர்கள், வந்த வழியிலேயே ஒரு பாறையில் வண்டியின் அடிப்பாகம் மோதி எண்ணெய் ஒழுகி நின்றுவிட்டார்கள். போனில் ஒரு பார் கூட இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஜீப் வந்தது.

"ஆப்ல நாலரை ஸ்டார் போட்டிருந்தாங்க டாக்டர்" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோடையில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது தமிழ்க் குடும்பம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். (குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படித் தங்குவதற்கு இங்கே டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்று பெயர். முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி எதுவும் கிடையாது. அமெரிக்க வனத்துறையிடம் 19.3 கோடி ஏக்கரும், பிஎல்எம் என்னும் நில மேலாண்மைத் துறையிடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் நம் தமிழ்நாட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு. இதில் பெரும்பகுதியில், பெரும்பாலும் 14 நாள் வரை, யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். அருமையான ஏற்பாடு. நானும் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருடத்துக்கு நான்கைந்து முறை போகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

நான் மல்லுக்கட்டுவது ஒரே ஒரு நம்பிக்கையோடுதான்: மேப்பில் கோடு இருந்தால் அது ரோடு, ஆப்பில் புள்ளி இருந்தால் அது முகாம் இடம். இரண்டுமே தவறு. என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் படித்தவர்கள், பாதிப் பேர் மென்பொருள் எழுதுகிறவர்கள். அந்தப் புள்ளியை வைத்தது யார், எப்போது, எந்த வண்டியில் போனார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போய், காட்சி அழகாக இருந்தது என்று ஐந்து ஸ்டார் போட்டிருப்பார். அந்த ஸ்டார் காட்சிக்கு. சாலைக்கு அல்ல. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் அந்தச் சாலையை அரித்திருக்கும். அல்லது விதியே மாறியிருக்கும். லோன் பைனுக்குப் பக்கத்தில் அலபாமா ஹில்ஸ் இருக்கிறதே, ஒரு காலத்தில் அங்கே இஷ்டப்பட்ட பாறைக்குப் பின்னால் தங்கினார்கள். இப்போது அனுமதிச் சீட்டோடு, குறித்துவிட்ட இடங்களில் மட்டும்தான். பழைய புள்ளிகள் அப்படியே ஆப்பில் கிடக்கும்.

நிலம் யாருடையது என்பதும் புள்ளிக்குத் தெரியாது. மேப்பில் பச்சையாக இருப்பதெல்லாம் பொது நிலம் இல்லை. இன்டர்ஸ்டேட் 80 ஓரமாக டாஹோ தேசியக் காட்டைப் பாருங்கள், சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் அரசுடையது, அடுத்த கட்டம் தனியாருடையது. 1862-ல் ரயில் பாதை போடும் கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் கொடுத்ததன் மிச்சம் அது. அப்புறம், நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. முன்னது உள்துறையின் கீழ், பின்னது வேளாண் துறையின் கீழ். யோசெமிட்டி பூங்காவுக்குள் சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. அதன் எல்லைக்கு வெளியே ஸ்டானிஸ்லாஸ் காட்டில் முடியும். இதைக் குழப்பிக்கொண்டு நடுராத்திரியில் ரேஞ்சர் கண்ணாடியைத் தட்டி எழுப்ப, தூக்கக் கலக்கத்தோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டி, விபத்தில் அடிபட்டு வந்தவர்களையும் நான் தையல் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

சரி, எப்படித்தான் தேடுவது?

வனத்துறை ஒவ்வொரு காட்டுக்கும் எம்வியுஎம் என்று ஒரு வரைபடம் வெளியிடுகிறது. எந்தச் சாலையில், எந்த மாதங்களில், எந்த வண்டி போகலாம் என்று சட்டப்படி சொல்வது அது ஒன்றுதான். இலவசம். அவென்சா என்ற ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலே நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். கறுப்பு வெள்ளையில், பார்க்கச் சகிக்காத படம்தான். மலையும் மரமும் அதில் இருக்காது. ஆனால் பல காடுகளில் எந்தச் சாலையின் ஓரத்தில் வண்டியோடு தங்கலாம் என்பதைக் கோட்டின் பக்கத்திலேயே புள்ளி புள்ளியாகப் போட்டிருப்பார்கள். அப்படி இல்லாத காடுகளில் ஓரத்தில் உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். சலிக்காமல் படியுங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் சாலை முனையில் ஒரு மெல்லிய பழுப்பு நிறக் கம்பம் நிற்கும், முழங்கால் உயரத்தில், பல நேரம் புதருக்குள் பாதி மறைந்து. அதில் சாலை எண் இருக்கும். எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் சாதாரணக் காரில் பெரும்பாலும் போகலாம். மேலிருந்து கீழாக ஒவ்வோர் இலக்கமாக நெட்டுக்குத்தாக எழுதியிருந்தால், சாதாரணக் காருக்காகப் பராமரிக்காத சாலை என்று அர்த்தம். அந்த மினிவேன் குடும்பம் போனது நெட்டுக்குத்து எண் போட்ட சாலையில். கம்பத்தைப் பார்த்ததாகத்தான் சொன்னார்கள். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சியன்னா, ஒடிஸி, டெஸ்லா மாடல் ஒய் வைத்திருக்கும் நண்பர்களே, நெட்டுக்குத்து எண்ணைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். டெஸ்லாவில் ஸ்டெப்னி கிடையாது. இன்னும் பல புது வண்டிகளிலும் கிடையாது. கூர்க்கல் கிழித்த டயரை ஒரு குப்பிப் பசை அடைக்காது.

வியாழக்கிழமையே ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். வெள்ளி மாலை அலுவலகம் பூட்டிவிடும். "எங்களிடம் மினிவேன் இருக்கிறது, எந்தச் சாலையில் போகலாம், இப்போது தீ மூட்டத் தடை உண்டா" என்று கேட்டால் போதும். பொறுமையாகச் சொல்வார்கள். ஆப்பில் இல்லாத நல்ல இடங்களையும் அவர்கள் வாயால்தான் நான் தெரிந்துகொண்டேன்.

தூரத்தைக் கணக்குப் போடும் விதமும் மாற வேண்டும். வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் என்று மேப் காட்டும். எமர்ஜென்சியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த எண் எதுவும் சொல்வதில்லை. கூடாரத்திலிருந்து தார் ரோட்டுக்கு இருட்டில் எத்தனை நிமிடம், அங்கிருந்து முதல் சிக்னல் எவ்வளவு தூரம், பக்கத்து மருத்துவமனை எது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் அந்த இடம் உங்களுக்கானது. குழந்தைகளோடு போகிறவர்கள் தார் ரோட்டிலிருந்து இரண்டு மைலுக்குள் தங்குங்கள். நட்சத்திரம் அங்கேயும் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பி, 580 நெடுஞ்சாலையில் ஆல்டமான்ட் நெரிசலில் ஊர்ந்து, பத்து மணிக்கு இருட்டில் இடம் தேடாதீர்கள். பகலில் பார்த்தால்தான் தலைக்கு மேலே பட்ட மரம் நிற்கிறதா என்று தெரியும். 2010-லிருந்து 2017-க்குள் வறட்சியாலும் பட்டை வண்டாலும் கலிபோர்னியாவில் 12 கோடியே 90 லட்சம் மரங்கள் செத்தன என்பது வனத்துறைக் கணக்கு. காற்றே இல்லாத இரவிலும் அவை விழும். பகலில்தான் பழைய அடுப்பு வட்டங்களும் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் சுடுகிறது என்றே நினைத்து, புறங்கையை மேலே நீட்டிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்குங்கள். செருப்போடு.

தீயை மண் போட்டு மூடாதீர்கள். ஊரில் பாட்டி கரியைச் சாம்பல் போட்டு மூடி வைப்பார், மறுநாள் காலையில் ஊதினால் பற்றிக்கொள்ளும். அதே கதைதான். தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, கை வைத்துப் பார். அதற்குத் தண்ணீர் இல்லையென்றால் தீயே வேண்டாம். வசதிகள் செய்துவைத்த முகாம்களுக்கு வெளியே, கலிபோர்னியாவின் மத்திய அரசுக் காடுகளில் கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எடுத்துவிடுங்கள். 2013 ஆகஸ்டில் இதே ஸ்டானிஸ்லாஸ் காட்டில் வேட்டைக்குப் போன ஒருவர் விதியை மீறி மூட்டிய தீ கைமீறி, 2,57,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. சாலையோரத்தில் கறுப்புத் தண்டுகள் இன்னும் நிற்கின்றன.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், அதற்கு மேல் தீயணைக்கவும் காயத்துக்கும் தனியாக 20 லிட்டர். தீக்காயத்துக்குப் பற்பசை, மஞ்சள், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். பேசினில் விழுந்ததையே மொண்டு ஊற்றினாலும் சரி. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. அந்தப் பையனுக்கு இதைச் செய்யும் நேரம் போய்விட்டிருந்தது. பர்ன் சென்டருக்கு அனுப்பினோம், குதிகாலில் தோல் ஒட்டு வைத்தார்கள்.

குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கார்பன் மோனாக்சைடு விஷத்தில் அந்தக் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டும், நம்பாதீர்கள். தலைவலி, குமட்டல் என்றால் உடனே வெளியே வாருங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: 8,000 அடிக்குக் கீழே படுக்க வையுங்கள். சொனோரா கணவாய் 9,624 அடி, பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். இன்சுலினை ராத்திரி கூலரில் விடாமல் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

கரடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பாட்டைக் கரடியால் திறக்க முடியாத டப்பாவில் பூட்டுங்கள், போதும். இத்தனை வருடத்தில் கரடி கடித்து என்னிடம் ஒருவரும் வந்ததில்லை.

ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கலாம். வீட்டிலேயே அதன் டெமோவை ஒரு முறை செய்து பாருங்கள். வானம் தெரியும் இடத்தில் நின்றால்தான் வேலை செய்யும். வண்டி நின்றுவிட்டால், நடந்து போகக்கூடிய தூரத்தில் உதவி இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை வண்டியை விட்டு நடக்காதீர்கள். 2006-ல் ஓரிகன் மலைச்சாலையில் ஒரு சான் பிரான்சிஸ்கோ குடும்பம் பனியில் சிக்கியது. உதவி தேடி நடந்த அப்பா குளிரில் இறந்தார். வண்டியோடு இருந்த தாயையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி, உங்களோடு வராத ஒரு நண்பரிடம் கொடுங்கள். காட்டின் பெயர், கவுன்டியின் பெயர், சாலை எண், வண்டியின் நிறமும் நம்பரும், எத்தனை பேர். கடைசியில் இப்படி எழுதுங்கள்: ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் என்னிடமிருந்து மெசேஜ் வராவிட்டால், அந்தக் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிடு. திங்கள் காலை வரை காத்திருக்காதே.