ஃபார்மசி படிக்க எந்த மேஜர் எடுப்பது? பட்டத்தின் பெயரை விடுங்கள், பாடப் பட்டியலைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளை ஃபார்மசி படிக்கப்போவதாகச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, இளங்கலையில் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், பயாலஜியா கெமிஸ்ட்ரியா என்பதுதான். ஃபார்மசி கல்லூரிகளின் சேர்க்கைக் குழுக்கள் பெரும்பாலும் இதைப் பொருட்படுத்துவதில்லை. தாங்கள் கேட்ட முன்தேவைப் பாடங்களை முடித்தாயிற்றா, என்ன கிரேடு, எந்த வருடம் என்றுதான் பார்க்கிறார்கள். இசையில் பட்டம் வாங்கியவர் அந்தப் பாடங்களை நல்ல கிரேடோடு முடித்திருந்தால், ஃபார்மசிஸ்ட் ஆகத் தேவையான ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படிப்பில் சேரலாம். பயாலஜி பட்டதாரி அனாடமி-பிசியாலஜி எடுக்காமல் விட்டிருந்தால், அதைக் கேட்கும் கல்லூரியில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்காவில் ஃபார்ம்.டி. படிப்புக்கு அங்கீகாரம் தருவது ஏ.சி.பி.இ. என்ற அமைப்பு. அப்படி 140-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. படிப்பு பொதுவாக 4 ஆண்டுகள். விடுமுறை இல்லாமல் ஓட்டி 3 ஆண்டுகளில் முடிக்கிற கல்லூரிகளும் உண்டு. ரட்கர்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் ஹைஸ்கூலிலிருந்து நேரடியாகச் சேரும் 6 ஆண்டுப் படிப்பு இருக்கிறது. பல கல்லூரிகள் இளங்கலைப் பட்டத்தையே கட்டாயமாக்குவதில்லை. 60 முதல் 90 செமஸ்டர் கிரெடிட் வரை முன்தேவைப் பாடங்களை முடித்தால் போதும் என்கின்றன. ஃபார்மசிக்கான பிகேட் நுழைவுத் தேர்வு 2024 தொடக்கத்தோடு நின்றுபோனது. அந்த மதிப்பெண்ணும் இப்போது இல்லாததால் டிரான்ஸ்கிரிப்டின் (மதிப்பெண் பட்டியலின்) மேல் விழும் கனம் கூடியிருக்கிறது.

முன்தேவைப் பாடங்களில் ஒரு பகுதி சங்கிலி போலப் பிணைந்தது. ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்று, இரண்டு. அதன்பின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்று, இரண்டு. பயோகெமிஸ்ட்ரி கேட்கும் கல்லூரி என்றால் அது ஐந்தாவது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது, ஆகவே பயோகெமிஸ்ட்ரியும் சேர்ந்தால் குறைந்தது ஐந்து செமஸ்டர். சிறிய கல்லூரிகளில் ஆர்கானிக் ஒன்று இலையுதிர் பருவத்தில் மட்டும் நடப்பதுண்டு. அங்கே ஒரு செமஸ்டரைத் தவறவிட்டால் ஒரு வருடமே தள்ளிப்போகும். கணக்கு பிளேஸ்மென்ட் தேர்வில் குறைந்த நிலையில் வந்த மாணவரை முதல் செமஸ்டரில் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் சேர்க்காமல் இருப்பதும் உண்டு. முதல் வருடத்திலேயே கெமிஸ்ட்ரியைத் தொடங்கச் சொல்வது இதனால்தான். மைக்ரோபயாலஜி, அனாடமி-பிசியாலஜி, பிசிக்ஸ், கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆங்கிலம், பப்ளிக் ஸ்பீக்கிங், எகனாமிக்ஸ் ஆகியவற்றை இடைவெளிகளில் பொருத்திக்கொள்ளலாம்.

பாடத்தின் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. நர்சிங் போன்ற துறைகளுக்காக நடத்தும் ஒரு செமஸ்டர் சுருக்கக் கெமிஸ்ட்ரி, அறிவியல் மேஜர் அல்லாதவர்களுக்கான பயாலஜி, லேப் இல்லாத மைக்ரோபயாலஜி மூன்றும் பல இடங்களில் எடுபடாது. ஹைஸ்கூலில் எழுதும் ஏ.பி. தேர்வில் கிடைத்த கிரெடிட்டை அறிவியல் பாடத்துக்கு ஏற்காத கல்லூரிகள் இருக்கின்றன. சி மைனஸை ஏற்காத இடங்கள் அதிகம். அறிவியல் பாடங்களுக்கு ஐந்து, ஏழு அல்லது பத்து வருடக் காலாவதி வைக்கும் கல்லூரிகளும் உண்டு. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிப் படிக்க வருபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இனி ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரி, விஷயம். பலருக்கும் கடைசி நேரத்தில்தான் இது தெரியவருகிறது. ஆர்கானிக் ஒன்று 4 கிரெடிட் பாடம். முதல் முறை டி (கிரெடிட்டுக்கு 1 புள்ளி), திரும்பப் படித்து ஏ (4 புள்ளி) வாங்கியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பல்கலைக்கழகம் பழைய கிரேடை நீக்கிவிட்டு 4.0 என்று காட்டலாம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வாங்கும் ஃபார்ம்காஸ் தளம் இப்படிப் பழைய கிரேடை நீக்குவதை ஏற்காது. இரண்டு முயற்சிகளையும் சேர்த்து, 8 கிரெடிட்டுக்கு 20 புள்ளி, அதாவது 2.5 என்றே கணக்கிடும். அறிவியல் பாடங்களுக்கென்று தனி ஜி.பி.ஏ.வும் போடும். பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கெடு தேதிக்குள் வித்ட்ரா செய்வது (பாடத்திலிருந்து விலகுவது) டி வாங்குவதைவிட மேல். 'டபிள்யூ' டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், ஜி.பி.ஏ.வைத் தொடாது. ஒன்றிரண்டு டபிள்யூவுக்கு விளக்கம் சொல்லலாம். வரிசையாக இருந்தால் நேர்காணலில் கேள்வி வரும்.

மேஜரைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் நிற்க வேண்டிய கணக்கும் இதுவே. கெமிஸ்ட்ரி மேஜர் என்றால் பிசிகல் கெமிஸ்ட்ரி, அதற்காக மேல்நிலைக் கால்குலஸ் எல்லாம் கட்டாயம். ஃபார்மசி கல்லூரி அவற்றைக் கேட்பதில்லை; ஆனால் அங்கே வாங்கும் சி உங்கள் ஜி.பி.ஏ.வில் ஏறிவிடும். அந்தப் பாடங்களில் உண்மையான ஆர்வம் இருந்தால் தாராளமாக எடுங்கள், மருந்து வடிவமைப்புப் பக்கம் போக நினைப்பவருக்கு அது பலம். பயாலஜி மேஜரில் பெரும்பகுதி முன்தேவைகள் தானாக வந்துவிடும்; அனாடமி-பிசியாலஜியும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும்தான் வழக்கமாக விடுபடும். பயோகெமிஸ்ட்ரி மேஜரில் வீணாகும் பாடம் குறைவு. சைக்காலஜி, எகனாமிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்கள் முன்தேவைகளை எலெக்டிவாகச் சுமக்க வேண்டும். அந்தக் கூடுதல் கிரெடிட்டுகளால் கட்டணம் ஏறுமா, ஒரு செமஸ்டர் கூடுமா என்று அட்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிலும் மருத்துவமனைத் தரவுத் துறையிலும் வேலை பார்க்க நினைப்பவருக்கு இந்த மேஜர்கள் நல்ல அடித்தளம்.

கணக்கு மட்டும் எந்த மேஜரிலும் தப்பிக்கக் கூடாத பாடம். இரத்தத்தில் லிட்டருக்கு 20 மி.கி. இருந்த மருந்து 8 மணி நேரத்தில் 10 மி.கி. ஆகிறது என்றால், அடுத்த 8 மணி நேரத்தில் அது பூஜ்யம் ஆகாது, 5 மி.கி. ஆகும். இந்த வீழ்ச்சியை லாகரிதத்தில் போட்டு அடுத்த டோஸ் எப்போது, எவ்வளவு என்று சொல்வது ஃபார்மகோகைனடிக்ஸ். கால்குலஸைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து வந்தவர்கள் இங்கே திணறுகிறார்கள். சேர்வதோடு வேலை முடிவதில்லை; லைசென்ஸுக்கு நேப்லெக்ஸ் தேர்வு இருக்கிறது. கல்லூரி வாரியாக அதன் தேர்ச்சி விகிதம் வெளியிடப்படுகிறது. விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. 'ப்ரீ-ஃபார்மசி' பல பல்கலைக்கழகங்களில் வெறும் வழிகாட்டுத் திட்டம்தான், அதற்குப் பட்டம் கிடையாது. தனியாக ஒரு மேஜர் அறிவித்தே ஆக வேண்டும். 'ஃபார்மசூட்டிகல் சயின்ஸஸ்' பி.எஸ். உண்மையான பட்டம்தான், நல்ல மேஜரும்கூட. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு லைசென்ஸ் வாங்க முடியாது. ஊரில் பி.ஃபார்ம். முடித்துவிட்டு வருபவர்களுக்கும் இதே சிக்கல். 2003 முதல் பட்டம் பெற்ற வெளிநாட்டினரிடம் ஐந்தாண்டுப் பாடத்திட்டம் எதிர்பார்க்கப்படுவதால், நான்காண்டு பி.ஃபார்ம்., வெளிநாட்டு ஃபார்மசி பட்டதாரிகளுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வழிக்குள் வராது, அவர்கள் இங்கே ஃபார்ம்.டி. படிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வருடத்தில் முன்தேவைகளை முடித்துப் பட்டமில்லாமல் போவதா, நான்கு வருடம் படித்துப் போவதா? முதல் வழியில் இரண்டு வருடச் செலவு மிச்சம். ஆனால் ஃபார்மசியை நடுவில் விட நேர்ந்தால் கையில் எந்தப் பட்டமும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே 3+4 திட்டங்கள் இருக்கின்றன: ஃபார்மசி முதலாண்டின் கிரெடிட்டைக் கொண்டு பழைய கல்லூரி பி.எஸ். கொடுத்துவிடும். பதினெட்டு வயதில் முழு உறுதி இல்லாத பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

முதல் செமஸ்டரிலேயே, சேர விரும்பும் ஐந்தாறு கல்லூரிகளின் முன்தேவைகளை ஒரு எக்செல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: பாடம், கிரெடிட், லேப் உண்டா, குறைந்தபட்ச கிரேடு, காலாவதி. கல்லூரிகள் பட்டியலை மாற்றும், ஆகவே ஒவ்வொரு கோடையிலும் சரிபாருங்கள். ஃபார்ம்காஸ் கோடையில் திறக்கும். விண்ணப்பிக்கும் நேரத்தில் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டியதில்லை. நடப்பவை, திட்டமிட்டவை என்று காட்டலாம். இதுவரை படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும், கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்த கம்யூனிட்டி காலேஜிலிருந்தும்கூட, டிரான்ஸ்கிரிப்ட் போயாக வேண்டும். அது வராமல் விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடப்பில் கிடப்பது வருடந்தோறும் நடக்கிறது.