மின்தடை வேறு, மின்மறிப்பு வேறு

உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கணிக்கும் சோதனைக்கு ‘உயிர்மின் தடைப் பகுப்பாய்வு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கருவிக் கையேடு, உடல்நலக் கட்டுரை, எங்கே பார்த்தாலும் இதுதான். சென்ற மாதம் அப்படியொரு சோதனை அறிக்கையின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க வந்தது. முதல் வரி ‘தடை 500’. அடுத்தது ‘எதிர்வினை 55’. அதற்கடுத்து மறுபடியும் ‘தடை 503’. மூன்றுக்கும் அலகு ஓம். படிக்கிற நோயாளி எந்தத் தடையை எடுத்துக்கொள்வார்? எதிர்வினை என்றதும் ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே பயப்படுவார்?

சோதனையின் பெயரில் ‘தடை’ என்று பெயர்த்த மூலச் சொல் இம்பீடன்ஸ். மாறுமின்னோட்டத்தை ஒரு பொருள் மொத்தமாக எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு அது. 1886இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஆலிவர் ஹெவிசைடு மின்னியலுக்குள் கொண்டுவந்தது. காலில் தளையிட்டுச் சிக்கவைத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வேர் இவ்வளவுதான்.

சோதனைக்கு வருவோம். கையிலும் காலிலும் மின்வாய்களை ஒட்டி, வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவான மாறுமின்னோட்டத்தை அனுப்புகிறார்கள். உடல்நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதன் வழியே மின்சாரம் எளிதில் போகும். கொழுப்புத் திசு அவ்வளவாகக் கடத்தாது. உயரத்தின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் வகுத்தால் வரும் எண், உடலின் மொத்த நீரோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று 1969இல் ஹோஃபர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். கொழுப்பு நீங்கலான உடலில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, எடையில் மிச்சத்தைக் கொழுப்பு என்கிறார்கள். ஆக, கருவி கொழுப்பை நேராக அளப்பதே இல்லை. உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சோதித்தால், கொழுப்பு கூடிவிட்டதுபோல் காட்டும்.

சரி, ‘தடை’ என்றால் என்ன குறைந்துவிடும்? ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடை என்ற பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. இம்பீடன்ஸ் என்பது அந்தத் தடையும், ரியாக்டன்ஸ் எனப்படும் மின்மறுப்பும் சேர்ந்தது. அறிக்கையில் ‘எதிர்வினை’ ஆனது இந்த ரியாக்டன்ஸ்தான். இரண்டையும் நேராகக் கூட்டுவதில்லை; செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களிலிருந்து கர்ணத்தைக் காண்பதுபோல் சேர்ப்பார்கள், அதனால்தான் 500ம் 55ம் சேர்ந்து 503 ஆகிறது. உடலில் அந்த மறுப்பு செல் சவ்வுகளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சவ்வும் ஒரு குட்டி மின்தேக்கிபோல மின்னூட்டத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்துத் திருப்பித் தருகிறது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலேயே பெரும்பாலும் சுற்றிப் போகும். அதிர்வெண் கூடக்கூட உள்ளேயும் நுழையும். செல்லுக்கு உள்நீர், வெளிநீர் என்று பிரித்துக் கணிக்க முடிவதே இதனால்தான். வெறும் தடை அதிர்வெண்ணைப் பார்த்து மாறாது. தடை என்று பெயர் சூட்டிவிட்டால், ஒரே உடலை ஏன் பல அதிர்வெண்களில் அளக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பெயரிலேயே பதில் இல்லாமல் போகிறது.

500க்கும் 503க்கும் மூன்று ஓம்தானே வித்தியாசம், இதற்கு ஏன் தனிச்சொல் என்று மொழிபெயர்த்தவர் கேட்டார். எண்ணளவில் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த 55 ஓம் மறுப்புதான் ஏறத்தாழ 6 பாகைக் கட்டக் கோணத்தை, அதாவது மின்னழுத்த அலையும் மின்னோட்ட அலையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்ற அளவைத் தருகிறது. செல்களின் நிலை, ஊட்டநிலை பற்றி ஒரு குறிப்புத் தரும் என்று மருத்துவர்கள் கவனிக்கும் கோணம் அது. தடை மட்டும் இருக்கும் இடத்தில் கோணமே கிடையாது.

என் கட்சி மின்மறிப்பு. நான் புதிதாக ஆக்கியது இல்லை, ஏற்கெனவே புழங்கும் சொல். வழிமறித்தல் என்கிறோம், தடுத்து நிறுத்துவது. மறிதல் என்றால் திரும்புதல். அலை மடங்கித் திரும்புவதைத்தான் மறிதிரை என்றார்கள். தடுப்பதும் திருப்புவதும் ஒரே வேரில் இருக்கின்றன. சவ்வு செய்யும் வேலையும் அதுவே. தளை என்ற இலத்தீன் படத்தை அப்படியே பெயர்த்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது. இப்படியொரு சொல் கையில் இருக்கும்போது தடையை இரண்டு வேலைக்கு அனுப்புவது சோம்பல்.

‘உயிர்மின்’ என்ற முன்னொட்டும் எனக்கு உடன்பாடில்லை. இதயமும் நரம்பும் தாமே உண்டாக்கும் மின்சாரத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே மின்சாரம் கருவியிலிருந்து வருகிறது. உடல் அதை மறிக்க மட்டும் செய்கிறது. ‘உடல் மின்மறிப்புச் சோதனை’ போதும்.

அறிக்கையின் மற்ற சொற்களும் இதே கதைதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிடுகிறார்கள், அந்த இடத்தில் அது என்ன பொருள் தரும் என்று பார்ப்பதில்லை. ‘உடல் அமைப்பு’ என்றால் படிப்பவர் உயரம், பருமன், தோற்றம் என்று எடுத்துக்கொள்வார். வேதியியல் பாடத்தில் படித்த ‘இயைபு’ இருக்கிறதே, உடல் இயைபு என்று எழுதலாம். ‘நீரேற்றம்’ என்றால் நீரை ஏற்றும் செயல். இங்கே கேட்பது எவ்வளவு நீர் இருக்கிறது என்பது. அதை நீர்நிலை என்று திருத்தப் போனால் ஏரி குளம் ஆகிவிடும். உடல் நீரளவு என்று திருத்தினேன். மூன்று வரிகளையும் மின்தடை 500, மின்மறுப்பு 55, மின்மறிப்பு 503 என்று மாற்றி, அப்புறம் பக்கத்தில் கட்டக் கோணத்துக்கும் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.