தோழர்களுக்கு நடுவே ஒரு தனிமை

மனநல ஆலோசகராக நான் சந்திக்கும் குயர் மனிதர்களில் (பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டவர்களில்) தீவிர அரசியல் ஈடுபாடு உள்ளவர்கள், பெரும்பாலும் முதல் நாளிலேயே என்னை விசாரித்துவிடுகிறார்கள். தங்கள் பாலீர்ப்பை மாற்ற முயல்வேனா, தங்கள் கோபத்துக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுவேனா என்று தெரிந்துகொள்ளாமல் அவர்கள் மனம் திறப்பதில்லை. அந்த விசாரணை நியாயமானது. ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க உலக சுகாதார நிறுவனம் முடிவெடுத்ததே 1990 மே 17 அன்றுதான். பாலீர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் எந்தச் சிகிச்சைக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்பதையும், அது கேடு விளைவிப்பது என்பதையும், இருக்கும் சமூக அமைப்பை வேரோடு மாற்ற விரும்புவது நோயன்று என்பதையும் அவர்களுக்குச் சொன்னதுபோலவே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இக்கட்டுரையில் வரும் மனிதர் ஒருவரல்லர். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பலருடைய அனுபவங்களைக் கலந்து ஒருவராக்கியிருக்கிறேன். முப்பதுகளில் இருக்கும் அவருக்குப் போராட்டக் களங்களில் நூற்றுக்கணக்கானோரைத் தெரியும். ஆனால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இயக்கத் தோழர்கள் அவருடைய பாலீர்ப்பை ஏற்றுக்கொண்டிருந்தாலும் அவருடைய காதலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. புரட்சிக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது போன்ற ஒரு மௌனம் அங்கே இருந்தது. குயர் நண்பர்களின் சந்திப்புகளிலோ, அவர் கூலி உயர்வைப் பற்றியோ போரைப் பற்றியோ பேசத் தொடங்கினால் இங்கேயும் அரசியலா என்று முகங்கள் சுருங்கின. இரண்டு இடங்களிலும் அவர் பாதி மனிதராகவே இருந்தார்.

இந்த நிலை புதிதன்று. ஹாரி ஹே என்பவர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் நெடுங்காலம் உழைத்தவர். 1950இல் லாஸ் ஏஞ்சலிஸில் மட்டாசின் சொசைட்டி என்ற ஒருபாலீர்ப்பாளர் அமைப்பைத் தோழர்கள் சிலருடன் தொடங்கியவர். ஒருபாலீர்ப்பாளர்களைக் கட்சி உறுப்பினர்களாக ஏற்காத காலம் அது என்பதால் மறு ஆண்டே அவர் கட்சியைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு 1953இல், நிறுவனர்களின் கம்யூனிசப் பின்னணி ஆபத்தைக் கொண்டுவரும் என்று அஞ்சிய உறுப்பினர்களின் எதிர்ப்பால், தான் தொடங்கிய அமைப்பின் தலைமையிலிருந்தும் அவரும் மற்ற நிறுவனர்களும் விலகினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது என்னிடம் வருபவர்களின் முகத்தில் ஒரு தளர்வு தெரியும். தங்களிடம் ஏதோ குறை இருப்பதால்தான் எங்கும் ஒட்ட முடியவில்லை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, குறை அந்த இடங்களின் அமைப்பிலும் இருக்கலாம் என்பது ஆறுதல் தருகிறது.

ஆனால் ஆறுதலோடு நிறுத்திவிட்டால் நான் என் வேலையைச் செய்தவனாக மாட்டேன். ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விரிவாக முன்வைத்த சிறுபான்மையினர் மன அழுத்தக் கோட்பாடு, ஒதுக்கப்பட்டவர்கள் அடுத்த ஒதுக்கலை எப்போதும் எதிர்பார்த்து விழிப்போடு இருப்பதையே தனியொரு சுமையாகக் கணக்கிடுகிறது. அந்த விழிப்பு அரசியல்மொழி கற்ற மனிதரிடம் அரசியல்மொழியிலேயே பேசும் என்பது என் அனுபவம். காய்ச்சலில் தனித்திருந்ததாக மேலே சொன்னவர், டேட்டிங் செயலி வழியாக அறிமுகமான ஒருவரை மூன்றாவது சந்திப்போடு விலக்கிவிட்டார். அந்த மனிதர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், அரசியல் புரிதல் இல்லாதவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். நிதானமாகப் பேசப் பேச வேறொன்று வெளிவந்தது. இரண்டாவது சந்திப்பின் இறுதியில் அந்த மனிதர் இவருடைய கையைப் பிடித்திருக்கிறார்; அன்றிரவு முழுவதும் இவருக்குத் தூக்கம் வரவில்லை; என்றாவது அந்த மனிதரும் தன்னை விட்டுப் போய்விடுவார் என்ற பயம் பிடித்துக்கொண்டது. பயத்தைப் பயம் என்று சொல்வதைவிடக் கொள்கை வேறுபாடு என்று சொல்வது எளிதாக இருந்திருக்கிறது.

இதனால் கொள்கையை விட்டுக்கொடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. திருநரை (திருநங்கையர், திருநம்பியர் போன்றோரை) இழிவாகப் பேசுபவரோடும், உங்கள் சாதியையோ இனத்தையோ மதத்தையோ தாழ்வாக நினைப்பவரோடும், உங்களைப் பிறர்முன் மறைத்துவைக்க விரும்புபவரோடும் நெருங்கியிருப்பது உங்கள் உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு; அங்கே அரசியல்தான் உங்களைக் காக்கிறது. அரசு வேண்டுமா வேண்டாமா, தேர்தலில் பங்கெடுக்கலாமா கூடாதா, எந்தப் புரட்சி எங்கே வழிதவறியது என்பனவற்றில் மாறுபடுபவர் அந்த வகையில் சேரமாட்டார். யாரை எதற்காக விலக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவாருங்கள் என்பேன். அந்த மனிதர் செய்தது என்ன, அவர் நம்புவதாக நீங்கள் கருதியது என்ன என்று பிறகு இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு நீங்களே எப்படிப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்ற கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே சிலர் தாங்களாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நெருக்கத்துக்கு ஒத்த கருத்தைவிட நேரம்தான் அதிகம் தேவைப்படுகிறது. தகவல்தொடர்பியல் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்று மதிப்பிட்டது. ஒன்றாக வேலை செய்த நேரத்தைவிட, வேலையில்லாமல் சும்மா கூடியிருந்த நேரமே நெருக்கத்தைக் கூட்டியது என்பதும் அதில் தெரியவந்தது. இயக்கத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் அருகருகே அமர்ந்தும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாதவர்கள், தோழர் என்று அழைத்துக்கொண்டாலும் தோழமையின் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள். தமிழில் அந்த ஒரே சொல் நண்பரையும் குறிக்கிறது, கொள்கையால் இணைந்தவரையும் குறிக்கிறது. இரண்டும் தாமாகச் சேர்ந்து வருவதில்லை.

1984–85 பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனில் ஒருபாலீர்ப்பாளர்கள் சிலர் ஒரு குழுவாகி, தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்காக நிதி திரட்டினார்கள். இரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் அதிகம் அறியாதவர்கள். பணத்தை அனுப்புவதோடு நிற்காமல் வேனில் ஏறிப்போய், தொழிலாளர்களின் வீடுகளில் தங்கி, அவர்களோடு மாலைகளைக் கழித்தார்கள். 1985இல் லண்டனில் நடந்த, குயர் மக்களின் பெருமைப் பேரணியான பிரைடின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பதாகைகளோடு நடந்ததற்கு, அந்தத் தங்கலுக்கும் மாலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இயக்கத்துக்குள்ளேயே காதல் அமையும்போது வேறு வகைச் சிக்கல்கள் வருகின்றன. வட்டம் சிறியது என்பதால், உறவு முறிந்தால் காதலோடு நண்பர்களும் களமும் சேர்ந்து பறிபோகலாம். அனுபவம் மிக்க தோழருக்கும் புதிதாக வந்தவருக்கும் இடையிலான உறவில் மறுக்கும் சுதந்திரம் இருவருக்கும் சமமாக இருப்பதில்லை. பொறாமை உடைமை மனப்பான்மை என்றும், ஒருவரோடு மட்டும் வாழ விரும்புவது பிற்போக்கு என்றும் சொல்லி, விருப்பமில்லாத ஏற்பாட்டுக்கு ஒருவரைப் பணியவைத்த நிகழ்வுகளை நான் கேட்டிருக்கிறேன். பலரோடு உறவு கொள்வது இருவரும் விரும்பித் தேர்ந்ததாக இருந்தால் அதில் தவறில்லை. எதிராளியின் அச்சத்தையும் வலியையும் கோட்பாட்டால் வாயடைப்பது வன்முறை. அதைச் செய்பவர் எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும் அது வன்முறையே. குடும்பத்துக்குச் சொல்லிவிடுவேன், அமைப்புக்குள் அம்பலப்படுத்துவேன் என்ற மிரட்டலும் அவ்வாறே. அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று அதை மறைக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒருபாலுறவு இன்றும் குற்றம். சில நாடுகளில் காவல்துறையினரே செயலிகளில் பொய்க் கணக்கு தொடங்கி ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். சட்டம் தடுக்காத இடங்களிலும் பணம் பறிப்பவர்கள் உண்டு. முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்பது நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும், முகம் தெரியும் அந்தரங்கப் படங்களை அனுப்ப வேண்டாம். அரசியலில் இருப்பவரின் கைபேசியில் மற்றவர்களின் பெயர்களும் உரையாடல்களும் இருப்பதால், அது திறந்த நிலையில் அந்நியர் கைக்குப் போவது உங்களோடு முடிகிற ஆபத்து அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுந்தாலோ, நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள், மனநல உதவியையும் தள்ளிப்போடாமல் நாடுங்கள்.

நான் சொன்ன மனிதருக்கு இன்னும் காதல் அமையவில்லை. எல்லாக் கூட்டங்களுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலையை எந்த வேலையும் வைக்காமல் விட்டிருக்கிறார். அந்த மாலையில் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஒருவர் அவருடைய வீட்டுக்கு வருகிறார். இவர் தரும் துண்டறிக்கைகளை அவர் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை, அதைப் பற்றி இருவருக்கும் சண்டையும் வருகிறது. சென்ற மாதம் மறுபடி காய்ச்சல் வந்தபோது இவர் அழைத்தது அவரைத்தான்.