இன்டர்ன்ஷிப் வேறு, அப்ரண்டிஸ் வேறு: செட்டிநாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடம் முடிகிற கோடையில் இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் இதற்கு 2 கிரெடிட், அதாவது டிகிரிக்குச் சேர்க்க வேண்டிய மதிப்புப் புள்ளி. பல்கலைக்கழக மானியக் குழு 2024-ல் தந்த வழிகாட்டுதலும் நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம், 2 முதல் 4 கிரெடிட் என்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அதாவது நாளைக்கு 6 மணி நேரம் போனால், 10 நாளில் 2 கிரெடிட்டுக்கான நேரம் முடிந்துவிடும். ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் விதி. அதை முதலில் துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 60 மணி நேரத்தை வெறும் சர்டிபிகேட்டாக ஆக்கிவிடுகிறவர்கள் நிறைய. தெரிந்த கடையில் ஒரு சீலும் கையெழுத்தும் வாங்கி ஒப்படைத்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணம். மூன்று வருடப் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொள்ள அதிகாரபூர்வமாகக் கிடைக்கிற அரிய நேரம் இது. அதை இழப்பது பெரிய நஷ்டம்.

இதற்குச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும் என்றில்லை. மானியக் குழுவின் பட்டியலில் கைவினை, சுற்றுலா, சிறுதொழில் எல்லாமே இன்டர்ன்ஷிப்புக்கு உரிய துறைகளாக இருக்கின்றன. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு பூவிலும் இதழிலும் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. மேல்பக்கத்துக்கு அந்த வழுவழுப்பைத் தருவது கண்ணாடிதான். வேதியியல் மாணவிக்கு சிமென்ட் ஏன் தண்ணீரில் இறுகுகிறது என்ற பாடம் அந்தத் தொட்டியில் இருக்கிறது. பி.காம். மாணவருக்கு ஒரு சதுர அடிக்கு அடக்க விலை போடும் வேலை இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியின் தறிக்கூடம், கானாடுகாத்தானில் விடுதிகளாக மாறியிருக்கிற பழைய வீடுகள் என்று இன்னும் இடங்கள் உண்டு. அறிவியல் படிப்பவர்கள் 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மாணவர் திட்டப்பணி கிடைக்குமா என்று துறை மூலமாகக் கேட்கலாம். ஊர்க்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘சிக்ரி’ அதுதான்.

எங்கே போனாலும், போவதற்கு முன்பே கல்லூரி ஒப்புதல் வேண்டும். முதல்வர் கையெழுத்திட்ட கடிதம், அந்த இடத்தின் சம்மதக் கடிதம், உங்களை அங்கே கவனித்துக்கொள்பவரின் பெயர், கல்லூரியில் மேற்பார்வை பார்க்கும் ஆசிரியரின் பெயர், இவ்வளவும் கையில் இருக்கட்டும். தினமும் என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாகக் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் திண்டாட வேண்டும்.

வீட்டில் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். அதற்கும் சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சிக்கு வருபவர்களையும் காக்கிறது. 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் பட்டறை என்றால் உள்ளே புகார்க் குழு இருக்காது; அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இதை அப்பா அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

சரி, பணம்? இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை; தருவதும் தராததும் அந்த இடத்தின் விருப்பம். பணம் உரிமையாகக் கிடைப்பது அப்ரண்டிஸ்ஷிப்பில். இது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் போட்டுச் செய்கிற பயிற்சி. 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் அதில் பாதியை, அதாவது 4,500 ரூபாயை, அரசு ஏற்கும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு ஆன்லைனில்தான். டிகிரி முடித்த பிறகு சேரலாம். படிப்போடு சேர்ந்த அப்ரண்டிஸ் டிகிரி நடத்துகிற கல்லூரி என்றால் படிக்கும்போதே உண்டு.

இங்கே செட்டிநாட்டுக்கு ஒரு சிக்கல். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் அவர்கள் விருப்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்துகிற பட்டறை இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அங்கே இன்டர்ன்ஷிப் செய்யலாம், அப்ரண்டிஸ் உதவித்தொகை எதிர்பார்க்க முடியாது. அப்புறம், பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு மட்டும் அவருக்கு உண்டு.

2024 அக்டோபரில் முன்னோட்டமாக வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய நிறுவனங்களில் 12 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கிய அது, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்று இருந்தது. வயதும் 21 முதல் 24 வரை என்று வைத்திருந்தார்கள். கல்லூரியில் இருக்கும்போதே வெளிநாடு பார்க்க ஆசை என்றால் மாநில அரசின் நான் முதல்வன் திறன் வளர்ப்புத் திட்டத்தின் பக்கம் பாருங்கள். அதன் ஸ்கவுட் திட்டத்தில் 2024-ல் தமிழ்நாட்டு மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அரசுச் செலவில் போய்ப் பயிற்சி பெற்றார்கள்.

நீங்கள் பெறும் கிரெடிட்டையெல்லாம் ஆன்லைனில் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கை டிஜிலாக்கர் வழியாக இப்போதே திறந்துவிடுங்கள். 2021-ல் வந்த இந்த ஏற்பாட்டில் சேரும் கிரெடிட் பொதுவாக 7 வருடம் வரை செல்லும். கல்லூரி மாறினாலும் கூட வரும். அதை ஏற்றுவது கல்லூரியின் வேலை, உங்களுடையது அல்ல. ஐந்தாம் செமஸ்டர் முடிவு வந்ததும் உள்ளே போய்ப் பாருங்கள். இன்டர்ன்ஷிப் கிரெடிட் வரவில்லை என்றால், கையெழுத்திட்ட நோட்டின் நகலோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.