சீனியர் சொன்னது விதி ஆகாது

செமஸ்டரின் முதல் மாதம் முழுவதும் எங்கள் மாணவர் ஆலோசனைப் பிரிவில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் வரிசை வராந்தா வரை நிற்கும். கிண்டியிலோ சேப்பாக்கத்திலோ தாம்பரம் பக்கமோ, சென்னையின் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்.

அந்த வரிசையில் வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் திறப்பதில்லை. இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், சட்டம் பேசும் ஆங்கிலத்தில் கிடக்கும் பிடிஎஃப் அது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை அதை எங்கே போய்த் தேடும்? பக்கத்து அறை அண்ணனைக் கேட்கிறது. அண்ணன், தன் சீனியர் சொன்னதைச் சொல்கிறார். இதற்குள் விதி மாறியிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2017 விதிமுறையில் சேர்ந்தவருக்குப் பொருந்தியது, 2021 விதிமுறையில் சேர்ந்தவருக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டின் விதிதான் உங்களுக்கு. அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவர் வேறு புத்தகத்தில் படித்தவர்.

மிக அதிகமாகக் கண்ணீர் வருவது வருகைப்பதிவில்தான். 75 சதவீதம் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சில இடங்களில் எல்லாப் பாடங்களையும் சேர்த்து மொத்தமாக, சில இடங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக. முதல் வேலையாக உங்கள் துறை அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். தனித்தனி என்றால் செங்கல்பட்டிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ரயிலில் வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியடில் வரும் ஒரு பாடம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வாரத்துக்கு 45 வகுப்புகள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் ரயில் தாமதமானால், அந்தப் பாடத்தில் 15 வகுப்புகள் போய்விடும். மிச்சம் 30, அதாவது 67 சதவீதம் கூட முழுதாக இல்லை. மற்ற பாடங்களில் 95 சதவீதம் வைத்திருந்தாலும் இதில் மாட்டிக்கொள்வீர்கள். ‘நான் தினமும் வருகிறேனே மேடம்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தினமும் வந்தார், முதல் மணிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

குறைவுக்கு மன்னிப்பு உண்டு. கண்டோனேஷன் என்பார்கள். பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு, மருத்துவக் காரணம் அல்லது விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்காக அனுமதிப்பார்கள். இங்கேதான் சீனியர் வாக்கு வேலையைக் கெடுக்கிறது. ‘கடைசியில் ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.’ போன முறை ஒரு மாணவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டாக்டரின் கையெழுத்து நீல மையில், தேதி கறுப்பு மையில். மடிப்புகூட விழாத தாள். அவருக்கு எத்தனை நாள் குறைந்ததோ, காய்ச்சலும் சரியாக அத்தனை நாள்தான் அடித்திருக்கிறது. துறைத் தலைவர்கள் இப்படி எத்தனையோ பார்த்தவர்கள். ஏமாற்று வேலை பிடிபடுவதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு: அதே நாளில் உண்மையாகவே டெங்குவில் படுத்திருந்த ஒரு பெண் வந்தாள். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. துறையில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், ‘கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள் மேடம்.’ இருவர் தாளையும் ஒரே சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். உடம்பு சரியாகி வகுப்புக்குத் திரும்பிய அன்றே சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரியர் பற்றி இரண்டே விஷயங்கள். கம்பெனிகள் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது’ என்பதும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர் இருக்கக் கூடாது’ என்பதும் வேறு வேறு. முதலாவது, இன்னும் எழுதித் தேறாமல் நிற்பது. இரண்டாவது, தேறிவிட்டாலும் ஒருமுறை விழுந்த தடம். ஒரு அரியர் விழுந்ததும் வேலையே கிடைக்காது என்று படுத்துவிடுகிற பிள்ளைகள் முதலில் அந்த அறிவிப்பைப் படித்துப் பார்க்கட்டும். இரண்டாவது விஷயம், மறுமதிப்பீடு. முதலில் விடைத்தாள் நகல், பிறகு அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, அதன் பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. நகல் கைக்கு வந்ததும் மதிப்பெண்களைக் கூட்டிப் பாருங்கள், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வழக்கமான வழிதான் வேகமானது. அதன் கெடு சில நாள்தான். முடிவு வந்த வாரம் ஊருக்குப் போய்விட்டால் அது கடந்துவிடும்.

ஆண்டின் நடுவில், பெரும்பாலும் முதல் இண்டர்னல் முடிந்த கையோடு, வேறு ஒரு கேள்வி வரும். ‘டி.சி. வாங்க என்ன செய்ய வேண்டும்?’ படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். நான் சொல்வதில்லை. ‘உட்கார் தம்பி, என்ன ஆயிற்று’ என்பேன். ஒரு மாணவர் பையிலிருந்து லேப் ரெக்கார்டு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘ரிப்பீட்’. எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. படம் வலதுபக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் வர வேண்டும், இவர் பேனாவால் இடதுபக்கம் வரைந்திருந்தார். பள்ளியில் பழகியது அது. லேப் உதவியாளர் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தார். டி.சி. கேட்பவர் எல்லோருக்கும் பிரச்சினை இவ்வளவு சின்னதாக இருக்காது என்பதும் தெரியும். படிப்பை விடுவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: தற்காலிகமாக நிறுத்திவைத்துப் பிறகு வந்து சேர்வது. உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணமானால் பல விதிமுறைகளில் இதற்கு இடம் உண்டு, முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருந்தால். சொல்லாமல் நின்றுவிட்டால் அது வெறும் ஆப்சென்ட். மனம் உடைந்து போயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச சேவை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

விடுதியில் ‘இண்ட்ரோ’ என்ற பெயரில் நடப்பது ராகிங். தமிழ்நாட்டில் 1997-இலிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. சேரும்போது நீங்களும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் அதற்காகத்தான். வார்டனிடம் சொல்லப் பயமாக இருந்தால், ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-ஐக் கூப்பிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். வேறு உதவித்தொகை வாங்கினால் இது வராது என்பது இன்னொரு சீனியர் கதை.

கடைசியாக, பெற்றோர் உடன் வந்து கேட்பது. ஜூனில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டியாயிற்று. பிறகு பொறியியல் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கிறது. பணம் திரும்ப வருமா, அசல் சான்றிதழைத் தருவார்களா? யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பு இதில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்போ அதற்கும் முன்போ விலகினால், செலவுக்கென 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அதற்குப் பிறகு, கடைசித் தேதி வரை 90 சதவீதம் திரும்ப வரும். கடைசித் தேதி கடந்து பதினைந்து நாள் வரை 80. முப்பது நாள் வரை 50. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தில் இயங்கும் கல்லூரிகளுக்குத் தனி விதி இருப்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அனுப்பி ‘கவுண்டரில் கேட்டுவிட்டு வா’ என்பதால் இது நடக்காது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இழுத்தடித்தால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். 2023-இன் யு.ஜி.சி. விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வருகைப்பதிவு, மதிப்பீடு, உதவித்தொகை எதுவானாலும் இதே வழிதான். கடிதத்தில் உங்கள் பதிவு எண்ணும், எந்த விதியின் எந்தப் பிரிவு என்பதும் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள். 15 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.