கேத்திச் சரிவில் நூறு மனங்கள்

ஊட்டி – குன்னூர் சாலையில், கேத்தி பள்ளத்தாக்கு கண்ணில் விரியும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். படிப்படியாக வெட்டிய மேடுகளில் கேரட், அதையொட்டித் தேயிலை. ஒரு சரிவு முழுக்கக் கேரட்டாகவும் அடுத்த சரிவு முழுக்கத் தேயிலையாகவும் இருந்தால், இவர்கள் துணிந்தவர்கள், அவர்கள் பயந்தவர்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். அது பெரும் தவறாகப் போகலாம் என்று 1978-இல் கணக்குப் போட்டே காட்டினார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர்.

அவர் எடுத்துக்கொண்டது கலவரத்தில் இறங்கும் கூட்டத்தை. நாம் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவோம். நூறு விவசாயிகள்; பச்சைத் தேயிலை விலை விழுந்துவிட்டது. ஒருவர் யாரையும் பாராமல் செடியைப் பிடுங்கிக் கேரட் விதைப்பார். இரண்டாமவர், ஒருவர் மாறியிருந்தால் மாறுவார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் மாறியிருக்க வேண்டும். இப்படியே போனால் நூறாமவருக்கு 99 பேர். முதலாமவர் மண்வெட்டியை எடுத்தால் போதும், வரிசையாக நூறு பேரும் மாறிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் சற்றே தயங்க வைப்போம்: இரண்டு பேர் மாறினால்தான் அவரும் மாறுவார். அவ்வளவுதான், முதலாமவரோடு எல்லாம் நின்றுபோகும். மற்ற 99 பேரின் மனமும் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு இது வேறு ஊர்.

இதுவரை தாளும் பென்சிலும் போதும். அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங், ஓர் ஊரில் மக்கள் எப்படித் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துபோகிறார்கள் என்று காட்ட 1971-இல் வெளியிட்ட மாதிரியைக் கட்டங்களில் காசுகளை நகர்த்தியே உருவாக்கினார். ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு பேரைப் பார்த்து, வெவ்வேறு அளவு தயங்கும்போது கைக்கணக்கு ஓடாது. அங்கேதான் கணினி வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு சிறு விதி எழுதி, ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எல்லோருக்கும் ஒரே விதி: ‘நான் பார்ப்பவர்களில் கால்வாசிப் பேர் மாறினால் நானும் மாறுவேன்.’ தன்னை ஒட்டிய நான்கு தோட்டங்களை மட்டும் ஒவ்வொருவரும் பார்த்தால், யாரோ ஒருவரை முதலில் நாமே மாற்றிவிட்டதுமே அவரைச் சுற்றியுள்ள நால்வரும் மாறுவார்கள். அங்கிருந்து பரவி ஊரே மாறும். எல்லோரும் எல்லோரையும் பார்த்தால்? 99 பேரில் ஒருவர் எந்த மூலைக்கு! யாரும் அசையமாட்டார்கள். நிறையப் பார்ப்பதே மாற்றத்துக்குத் தடையாகிறது. சமவெளியில் வரப்புக்கு அந்தப் பக்கம்தான் கண்ணில் படும். கேத்தியிலோ எதிர்ச்சரிவு முழுவதும் வாசலிலிருந்தே தெரியும்.

கேத்தியில் அப்படித்தான் நடந்தது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. அடுத்த போகத்தில் யார் என்ன போடுவார்கள் என்றும் சொல்லாது. களத்துக்குக் கொண்டுபோக ஒரு புதிய கேள்வியைத் தருகிறது: தேயிலையைப் பிடுங்கும் முன் யார் தோட்டத்தைப் பார்த்தீர்கள், பக்கத்து மேட்டையா, எதிர்ச்சரிவையா? ‘எதையும் பார்க்கலை, மேட்டுப்பாளையம் மண்டி விலையைத்தான் விசாரிச்சேன்’ என்று பத்துப் பேர் சொன்னால், அந்த விதியை அழித்துவிட்டு வேறு விதி எழுத வேண்டும்.